நாடு துரத்திய ஓவிய வியாபாரி: பால் ரோசன்பர்க் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிக்காசோவைத் தெரியாதவர்கள் குறைவு. பிக்காசோவின் படங்களை விற்றுக் கொடுத்தவரைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. 1940-ல் பிரான்ஸை விட்டு ஓட நேர்ந்த யூத ஓவிய வியாபாரி பால் ரோசன்பர்க்கின் பேச்சை எடுத்தாலே சில கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்கலாம், வேண்டியதை மட்டும் பொறுக்கியும் படிக்கலாம்.

யார் இந்த பால் ரோசன்பர்க்?

1881 டிசம்பர் 29 அன்று பாரிஸில் பிறந்தவர். அப்பா அலெக்ஸாண்டர், இன்றைய ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி பாரிஸ் வந்து, பழம்பொருள் வியாபாரம் தொடங்கி, மெல்ல ஓவியங்களுக்கு மாறியவர். மகன்கள் லெயோன்ஸ், பால் இருவரும் அதே தொழிலுக்கு வந்தார்கள். தொழில் பழக இளம் வயதிலேயே பால் வெளியூர்களுக்கு அனுப்பப்பட்டார். அப்பாவின் கடையைச் சகோதரர்கள் கொஞ்ச காலம் சேர்ந்து நடத்தி, பிறகு பிரிந்துகொண்டார்கள். பால், லா போயெசி தெரு 21-ஆம் எண் கட்டடத்தில் தன் கேலரியைத் திறந்தார். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் ஐரோப்பாவில் நவீன ஓவியம் வாங்க நினைத்த பணக்காரர்கள் அந்த விலாசத்தை அறிந்து வைத்திருந்தார்கள்.

படத்தை வாங்கி லாபம் வைத்து விற்பவர்தானே? அதில் என்ன பெரிய விஷயம்?

விற்பது மட்டும் என்றால் ஒன்றுமில்லைதான். ரோசன்பர்க் செய்தது வேறு மாதிரி. ஓர் ஓவியரோடு ஒப்பந்தம் போடுவார். அந்த ஓவியர் வரைவதை முதலில் பார்க்கும் உரிமை ரோசன்பர்க்குடையது. அவர் வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகுதான் மிச்சம் மற்றவர்களுக்கு. ஓவியருக்கு மாதா மாதம் வாடகையைப் பற்றிக் கவலைப்படாத வாழ்க்கை கிடைக்கும். வியாபாரிக்கோ விலையை ஏற்றவும் பிடித்து வைக்கவும் பிடி கிடைக்கும். 1918-ல் பிக்காசோவோடு இப்படித் தொடங்கினார். 1920-களில் பிராக்கும் லெஜேயும் வந்தார்கள், 1936-ல் மத்தீஸ்.

அவருடைய கெட்டிக்காரத்தனம் கட்டடத்தின் அமைப்பிலேயே இருந்தது. ஒரு தளத்தில் டெலக்ருவா, மனே, ரென்வார் போன்ற 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மாஸ்டர்கள். விலை உறுதியான சரக்கு அது. இன்னொரு தளத்தில் பிக்காசோ, பிராக். ரென்வார் வாங்க வந்த சீமானை, 'அந்தத் தளத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்களேன்' என்று அழைப்பதுதான் உத்தி. கோணல்மாணலாக இருக்கிறதே என்று தயங்குபவருக்கு, இதே கூரையின் கீழ் மனே தொங்குகிறது என்பதே ஒரு சான்றிதழ். ரென்வாரில் வந்த லாபம், விற்காத பிக்காசோவுக்குச் சோறு போட்டது.

பிக்காசோவோடு எந்த அளவுக்கு நெருக்கம்?

அடுத்த வீட்டுக்காரர் என்ற அளவுக்கு. 1918 கோடையில் புது மனைவி ஓல்காவோடு பியாரிட்ஸில் தங்கியிருந்தபோதுதான் பிக்காசோவுக்கும் ரோசன்பர்க்குக்கும் பேச்சு முற்றியது. ரோசன்பர்க்கின் மனைவி மார்கெரித் மடியில் குழந்தை மிஷ்லினோடு உட்கார்ந்திருக்கும் உருவப்படத்தை அந்தக் கோடையில் பிக்காசோ வரைந்தார். பார்த்தால் பிக்காசோ என்று சொல்ல மாட்டீர்கள்: மூக்கு மூக்கின் இடத்தில், கண் கண்ணின் இடத்தில் இருக்கும், ரென்வாரே வரைந்தது போல. விரைவிலேயே லா போயெசி தெரு 23-ஆம் எண் வீட்டுக்குப் பிக்காசோ குடிவந்தார். ஒருவர் 'ரோசி', இன்னொருவர் 'பிக்'. வரைந்து முடித்த படத்தை ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பக்கத்து வீட்டுக்குக் காட்டுவார் பிக்காசோ என்று ரோசன்பர்க் குடும்பத்தில் ஒரு கதை உண்டு.

மனிதர் எப்படி? நல்லவரா?

வியாபாரி. படபடப்பானவர், போட்டியாளர்களை நம்பாதவர், விலையில் இறங்காதவர். அவரைத் தியாகி ஆக்கிப் பேசும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வரும். பிக்காசோவின் முதல் முக்கிய வியாபாரி டேனியல்-ஹென்றி கான்வைலர், ஜெர்மனியில் பிறந்த யூதர். முதல் உலகப் போர் வந்ததும் 'எதிரி நாட்டுக்காரன்' என்று சொல்லி அவருடைய சரக்கு முழுவதையும் பிரெஞ்சு அரசு பறித்துக்கொண்டது. 1921 முதல் 1923 வரை பாரிஸில் அது நான்கு தவணையாக ஏலம் போனது. அந்த ஏலத்துக்கு மதிப்பீட்டாளராக உட்கார்ந்தவர் வேறு யாருமில்லை, பாலின் அண்ணன் லெயோன்ஸ். ஆத்திரம் தாங்காமல் பிராக் ஏல மண்டபத்திலேயே அவர்மீது கை வைத்துவிட்டார். கான்வைலர் இல்லாத வெற்றிடத்தில்தான் ரோசன்பர்க்குகள் இருவரும் வளர்ந்தார்கள். இருபது வருடம் கழித்துப் பாலின் சுவர்களே காலியாகும் என்று அன்று யார் கண்டது?

நாஜிகளின் ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்தாரா?

பாதி உணர்ந்தார் என்பேன். ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து 'சீரழிந்த கலை' என்று நாஜிகள் பிடுங்கியெறிந்த படங்களில் நல்ல விலை போகக்கூடியவை 1939 ஜூன் 30 அன்று சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் ஏலத்துக்கு வந்தன. வான்கோ, பிக்காசோ, மத்தீஸ் என்று நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். வாங்காதீர்கள் என்று சக வியாபாரிகளிடமும் சேகரிப்பாளர்களிடமும் ரோசன்பர்க் பேசினார். கொடுக்கிற காசு நாளைக்கு நம் தலையில் குண்டாக வந்து விழும் என்பது அவர் வாதம். கேட்டவர்கள் கொஞ்சம் பேர். மலிவு விலையில் வான்கோ கிடைக்கும்போது வாதத்தை யார் கேட்பார்கள்?

தன் படங்களில் ஒரு பகுதியையும் அவர் வெளியே நகர்த்தியிருந்தார். லண்டனில் மனைவி வழி உறவினர் ஜாக் எல்ஃப்டோடு சேர்ந்து ஒரு கிளை இருந்தது. 1939 நவம்பரில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய பெரிய பிக்காசோ கண்காட்சிக்கும் நிறையப் படங்களை இரவல் அனுப்பியிருந்தார். கடல் கடந்த அந்தப் படங்கள் பிழைத்தன.

அப்படியென்றால் அவரும் அப்போதே போயிருக்கலாமே?

பின்னால் உட்கார்ந்து கேட்பதற்குச் சுலபமான கேள்வி. அவர் பாரிஸில் பிறந்தவர். பிரான்ஸைத் தன் நாடு என்றுதான் நினைத்தார். பிரெஞ்சு ராணுவம் ஆறே வாரத்தில் கவிழும் என்று தளபதிகளே எதிர்பார்க்கவில்லை. அவர் செய்தது, அன்றைய பாரிஸ் பணக்காரர்கள் பலரும் செய்தது: போர் தொடங்கியதும் ஊரைவிட்டு உள்நாட்டுக்குள் தள்ளிப் போவது. 1940 தொடக்கத்தில் போர்தோ நகரை அடுத்த ஃப்ளுவாராக்கில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். கொஞ்சம் படங்கள் அந்த வீட்டில். 162 படங்கள் அருகிலுள்ள லிபூர்ன் ஊரின் வங்கிப் பெட்டக அறையில். நகையை லாக்கரில் வைத்துவிட்டால் நிம்மதி என்று நாம் நினைப்பதில்லையா, அதே நினைப்பு. பிராக்கும் தன் படங்களை அதே வங்கியில் வைத்திருந்தார்.

எப்படித் தப்பினார்?

1940 ஜூன் 14-ல் ஜெர்மானியர்கள் பாரிஸுக்குள் நுழைந்தார்கள். போர்தோ அகதிகளால் பிதுங்கியது. ஸ்பெயின் வழியாகப் போர்ச்சுகல் போனால் கப்பல் ஏறலாம். ஆனால் போர்ச்சுகலின் விசா வேண்டும். நாடற்றவர்களுக்கும் ஓடி வரும் யூதர்களுக்கும் லிஸ்பனைக் கேட்காமல் விசா தரக்கூடாது என்று சலசார் அரசின் கண்டிப்பான உத்தரவு இருந்தது. போர்தோவிலிருந்த போர்ச்சுகல் தூதரக அதிகாரி (கான்சல்) அரிஸ்டிடெஸ் டி சோசா மென்டெஸ் அந்த உத்தரவை ஓரமாக வைத்துவிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் முத்திரை குத்தத் தொடங்கினார். ரோசன்பர்க் குடும்பமும் அவர் கையால் விசா பெற்றவர்களில் ஒன்று.

அந்தக் கான்சலுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிட வேண்டும். விசாரணை, பதவி இழப்பு, வறுமை. 1954-ல் இறந்தார். 1966-ல் இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவு நிறுவனமான யாத் வஷேம், யூதர்களைக் காத்த பிற சமயத்தினருக்கு வழங்கும் விருதை அவருக்கு அளித்தது. ரோசன்பர்க்கின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்தான், ஓவியத்துக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை என்றாலும்.

குடும்பம் ஸ்பெயினைக் கடந்து போர்ச்சுகலில் காத்திருந்து, 1940 செப்டம்பரில் நியூயார்க் சேர்ந்தது. அமெரிக்க விசா கிடைக்க, நவீனக் கலை அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஆல்ஃப்ரெட் பார் கைகொடுத்தார். முன்பு இரவல் கொடுத்த படங்களால் வந்த பழக்கம்.

குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்தே போனார்களா?

இல்லை. 19 வயது மகன் அலெக்ஸாண்டர் வர மறுத்து, இங்கிலாந்து போகும் கப்பலில் ஏறி, ஜெனரல் டி கால் திரட்டிய சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். இந்தப் பையனை மறந்துவிடாதீர்கள், பிறகு வருவார்.

விட்டுவந்த படங்கள் என்னவாயின?

ஜெர்மானியர்களுக்கு வழிகாட்டியவர்கள் பாரிஸ் ஓவியச் சந்தை ஆட்களே. காட்டிக் கொடுத்ததற்குக் கூலியாகப் படங்களில் பங்கு பேசிக்கொண்டார்கள். 1940 செப்டம்பரில் ஃப்ளுவாராக் வீடு காலியானது. 1941 ஏப்ரலில் லிபூர்ன் வங்கிப் பெட்டகம் திறக்கப்பட்டது.

கொள்ளையடித்த அமைப்பின் பெயரும் ரோசன்பர்க்தான்! இது பலரையும் குழப்புகிறது. நாஜிக் கட்சியின் கோட்பாட்டாளர் ஆல்ஃப்ரெட் ரோசன்பர்க் பெயரில் இயங்கிய சிறப்புப் படை அது. பாலுக்கும் அவருக்கும் எந்த உறவும் கிடையாது.

பறித்த படங்கள் பாரிஸில் லூவ்ருக்கு அருகிலுள்ள ழு த போம் கட்டடத்தில் குவிந்தன. ஹெர்மன் கோரிங் அங்கே வந்து வந்து தேர்ந்தெடுத்துப் போனார். நவீன ஓவியம் 'சீரழிந்தது' என்பது கட்சிக் கொள்கை, ஆனால் அதற்குச் சந்தையில் விலை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே பண்டமாற்று நடந்தது: மத்தீஸ், பிக்காசோ, டெகாவைக் கொடுத்துவிட்டு, கிரனாக் மாதிரி பழைய ஜெர்மன் ஓவியங்களை வாங்கிக்கொண்டார்கள். லூசெர்னில் அந்த 1939 ஏலத்தை நடத்திய தியோடர் ஃபிஷரே 1941-ல் இப்படி 25 பிரெஞ்சுப் படங்களைப் பெற்றார். ரோசன்பர்க்கின் படங்கள் சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தது இந்த வழியில்.

அதே கட்டடத்தில் வேலை பார்த்த ரோஸ் வலான் என்ற பெண், ஜெர்மன் தெரியாதவர்போல நடித்துக்கொண்டே எந்தப் படம் எங்கே போகிறது என்று ரகசியமாகக் குறித்து வைத்தார். அவர் குறிப்புகள் இல்லையென்றால் இந்தப் பக்கத்தின் பிற்பாதியே இருக்காது.

லா போயெசி தெரு வீடு?

1941 மே மாதம் அந்தக் கட்டடத்தில் 'யூதப் பிரச்சினை ஆய்வு நிறுவனம்' என்ற பெயரில் ஒரு யூத வெறுப்புப் பிரசார மையம் திறக்கப்பட்டது. பிக்காசோவும் பிராக்கும் தொங்கிய அறைகளில் உட்கார்ந்து, யூதர்களின் மூக்கையும் காதையும் வைத்து அவர்களை 'அடையாளம் காண்பது எப்படி' என்ற கண்காட்சியைத் தயாரித்தார்கள். 'யூதனும் பிரான்ஸும்' என்ற அந்தக் கண்காட்சி அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸில் நடந்தது. லட்சக்கணக்கானோர் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள்.

குடியுரிமையும் போய்விட்டதாமே?

ஆமாம். 1940 ஜூலை 23-ல், ஜெர்மனியிடம் பணிந்துபோன பிரெஞ்சு அரசான விஷி அரசு ஒரு சட்டம் போட்டது: மே 10-க்கும் ஜூன் 30-க்கும் இடையே தக்க காரணமின்றி நாட்டை விட்டுப் போனவர்களின் குடியுரிமை ரத்து. உயிருக்குப் பயந்து ஓடியது அவர்களுக்குத் தக்க காரணமாகத் தெரியவில்லை.

நியூயார்க்கில் அகதியாகக் கஷ்டப்பட்டாரா?

பணக்கஷ்டம் என்று சொல்ல முடியாது. முன்பே அனுப்பி வைத்த படங்கள் இருந்தன, வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். 1941-ல் 57-ஆம் தெருவில் கேலரியைத் திறந்தார். ஒரு டாலர்கூட இல்லாமல் இறங்கிய லட்சம் பேரோடு அவரை ஒப்பிட்டால் அது நியாயமாகாது.

இன்று உலகமே போய்ப் பார்க்கும் வான்கோவின் 'நட்சத்திர இரவு' நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனது ரோசன்பர்க் வழியாகத்தான். ஹாலந்துப் பெண்மணி ஒருவரிடமிருந்து 1938-ல் அதை வாங்கியிருந்தார். 1941-ல் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த வேறு படங்களைக் கொடுத்து அதை எடுத்துக்கொண்டது. காபிக் கோப்பையிலும் செல்போன் உறையிலும் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், அது கைமாறியபோது விற்றவர் நாடிழந்த ஆள் என்பது எனக்கு ஞாபகம் வரும்.

இழப்பு வேறு இடத்தில் இருந்தது. பிக்காசோ பாரிஸிலேயே தங்கிவிட்டார். போர் முடிந்தபின் அவருடைய வியாபாரம் மீண்டும் கான்வைலர் பக்கம் போனது. 'ரோசி–பிக்' காலம் முடிந்துவிட்டது.

மகன் ரயிலை மறித்து அப்பாவின் படங்களை மீட்டார் என்பது உண்மையா, சினிமாவா?

உண்மை. சினிமா அதைப் பெரிதாக்கியது. 1944 ஆகஸ்ட் தொடக்கத்தில், பாரிஸ் கைவிட்டுப் போவதற்குள் கடைசிச் சரக்கை ஜெர்மனிக்கு ஏற்றிவிட நாஜிகள் துடித்தார்கள். ழு த போமிலிருந்து 148 பெட்டிகள் ரயிலில் ஏற்றப்பட்டன. ரோஸ் வலான் தகவல் கொடுத்தார். ரயில்வே தொழிலாளர்கள் அந்தக் கோளாறு, இந்தக் கோளாறு என்று இழுத்தடித்தார்கள். ஆகஸ்ட் 10-ல் ரயில்வே வேலைநிறுத்தமே தொடங்கிவிட்டது. நம் ஊர் பாசஞ்சர் ரயில் மாதிரி அந்த வண்டி பாரிஸ் புறநகரைத் தாண்டவேயில்லை.

ஆகஸ்ட் 27 அன்று ஓல்னே ஊரில் அதைப் பிடித்த பிரெஞ்சுப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய இளம் அதிகாரி, லெக்லேர் படையில் இருந்த அலெக்ஸாண்டர் ரோசன்பர்க். பெட்டிகளைத் திறந்தால், கடைசியாகத் தன் வீட்டுச் சுவரில் பார்த்த படங்கள் உள்ளே இருந்தன. எழுத்தாளர் கற்பனை செய்திருந்தால் நம்பமுடியாது என்று நாமே அடித்திருப்போம்.

மற்ற படங்களை எப்படி மீட்டார்?

வழக்குப் போட்டு, வீடு வீடாகப் போய். பறிபோனவை சுமார் 400. போர் முடிந்த 1945-லேயே சுவிட்சர்லாந்துக்குப் போய், தன் படங்கள் சிலவற்றை வாங்கி வைத்திருந்த ஆயுதத் தொழிலதிபர் எமில் பியூர்லே போன்றவர்களை நேரில் பார்த்தார். 'நல்லெண்ணத்தில் வாங்கினோம், திருட்டு என்று தெரியாது' என்பதே எங்கும் பதில். சுவிஸ் சட்டமும் பொதுவாக அப்படி வாங்கியவர் பக்கம் சாயும். நேச நாடுகளின் நெருக்குதலில் 1945 டிசம்பரில் சுவிஸ் அரசு தனி ஆணை கொண்டுவந்தது. அதை வைத்து 1948-ல் கூட்டாட்சி நீதிமன்றம் படங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அப்புறம் நடந்ததுதான் வியாபாரம்: திரும்ப வந்த படங்களில் சிலவற்றை அதே பியூர்லேக்கு ரோசன்பர்க் விற்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது புரியாது. தன் படத்துக்குத் தானே விலை சொல்லும் உரிமை திரும்பி வந்ததல்லவா, அவருக்கு அது போதுமானதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிரான்ஸுக்குத் திரும்பிவிட்டாரா?

வந்து போனார். குடியிருப்பும் தொழிலும் நியூயார்க்கில்தான். 1959 ஜூன் 29 அன்று பாரிஸை ஒட்டிய நூயியில் இறந்தார். நியூயார்க் கேலரியை அலெக்ஸாண்டர் தொடர்ந்து நடத்தினார். மிஷ்லினின் மகள் ஆன் சின்க்ளேர், பிரான்ஸில் பிரபலமான தொலைக்காட்சிப் பத்திரிகையாளர்.

அவர் இறந்த பிறகும் படங்கள் கிடைத்தனவா?

கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. 1998-ல் பாஸ்டன் கண்காட்சிக்கு வந்த மோனேயின் 1904 'அல்லி மலர்கள்' படம், போர்க்காலத்தில் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பென்ட்ராப் கைக்குப் போயிருந்தது. போருக்குப்பின் உரிமையாளர் தெரியாத படம் என்று கான் நகர அருங்காட்சியகத்தில் சாவகாசமாகத் தொங்கியது. 1999-ல் பிரான்ஸ் அதைத் திருப்பிக் கொடுத்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் கலை அருங்காட்சியகம் மத்தீஸின் ஒடலிஸ்க் (அந்தப்புரப் பெண்) படம் ஒன்றைத் தந்தது. அங்கே முதலில் வழக்கு வரை போக வேண்டியிருந்தது. 2014-ல் நார்வேயின் ஹெனி ஒன்ஸ்டாட் கலை மையம் இன்னொரு மத்தீஸை ஒப்படைத்தது. மூனிக்கில் குர்லிட் என்ற முதியவரின் அடுக்குமாடி வீட்டில் 2012-ல் சிக்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில், நாற்காலியில் உட்கார்ந்த பெண்ணை மத்தீஸ் தீட்டிய படம் ரோசன்பர்க்குடையது. 2015 மே மாதம் குடும்பத்தின் கைக்கு வந்தது.

எழுபது வருடம் கழித்து 'இது எங்கள் படம்' என்று எப்படி நிரூபிக்கிறார்கள்?

என்னைக் கேட்டால் இந்தக் கதையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. ரோசன்பர்க்குக்கு ஒரு பழக்கம். கைக்கு வந்த படங்களைப் புகைப்படம் எடுப்பார், எண் போடுவார், யாரிடம் வாங்கியது, அளவு என்ன என்று பதிவு செய்வார். மளிகைக் கடை முதலாளி கணக்கு நோட்டு எழுதுவதைப் போன்ற சலிப்பூட்டும் வேலை. சுவரில் தொங்கியதை எடுத்துப் போனவர்களும் வாங்கியவர்களும் தங்கள் பங்குக்கு எழுதி வைத்திருந்தார்கள். கொள்ளைப் படையின் பட்டியலையும் ரோசன்பர்க்கின் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பல வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும். நார்வே, மூனிக் படங்கள் இரண்டிலும் குடும்பத்தின் ஆவணங்கள் கைகொடுத்தன. ஆவணம் இல்லாத எத்தனையோ சிறு சேகரிப்பாளர்களின் வாரிசுகள், அம்மா சொன்ன ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அருங்காட்சியகங்களின் படியேறித் திரும்புகிறார்கள்.

இன்னும் கிடைக்காதவை உண்டா?

உண்டு, அறுபதை ஒட்டி. அவற்றில் ஒன்று டெகா வரைந்த கப்ரியேல் தியோ என்ற பெண்ணின் பாஸ்டல் உருவப்படம். 1980-களில் ஜெர்மனியில் ஒரு வியாபாரி வழியாகத் தலைகாட்டியது. வைத்திருப்பவர் யார் என்ற கேள்வி எழுந்ததும் மறுபடி மறைந்துவிட்டது. அதன் புகைப்படம் ரோசன்பர்க்கின் கோப்பில் இருக்கிறது.